நூறு கேமராக்கள் ஓர் இடத்தை ஒன்றாகப் பார்ப்பது எப்படி?

ரயில் நிலையம், விமான நிலையம், துறைமுகம், பல்கலைக்கழக வளாகம் என எதை எடுத்துக்கொண்டாலும், அதன் கண்காணிப்பு அறையில் சுவரை நிறைத்துத் திரைகள் இருக்கும். ஒவ்வொரு திரையும் பல கட்டங்களாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கேமராவின் காட்சி ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் காட்சிகளுக்குள் ஒன்றோடொன்று எந்தத் தொடர்பும் இல்லை. மூன்றாம் கட்டத்தின் வலது ஓரத்தில் மறைந்தவரும் பதினேழாம் கட்டத்தின் மேல் மூலையில் தோன்றுபவரும் ஒரே ஆள்தான் என்று முடிவு செய்வது, திரைக்கு முன் அமர்ந்திருக்கும் பணியாளரின் நினைவும் அந்த இடத்தோடு அவருக்குள்ள பழக்கமும்தான். எந்தக் கதவு எந்த நடைபாதையில் திறக்கிறது, எந்தப் படிக்கட்டில் இறங்கினால் எங்கே வெளிவரலாம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும், கருவிக்குத் தெரியாது. பல கேமராக்களை ஒரே வலையமைப்பில் கோத்து அறிவுள்ள கண்காணிப்பு அமைப்பாக மாற்றுவது என்பது, பணியாளரின் மனதில் இருக்கும் அந்த இணைப்பைக் கருவிக்குள் கொண்டுவரும் வேலை.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முகத்தை அடையாளம் காணும் கேமரா, வாகன எண்ணைப் படிக்கும் கேமரா, கூட்டத்தை எண்ணும் கேமரா என்று தனித்தனிக் கருவிகளின் திறமையை வைத்தே இன்று இத்துறை பேசப்படுகிறது. நல்ல கேமராக்களை நிறைய வாங்கி மாட்டிவிட்டால் அறிவு தானாக வந்துவிடும் என்ற எண்ணத்தில் ஒப்பந்தங்கள் போடப்படுகின்றன. உண்மையில் அமைப்பின் தரத்தைத் தீர்மானிப்பவை கேமராக்களுக்கு இடையே நிலவும் உறவுகள்: அவை எல்லாம் ஒரே நிலப்பரப்பைப் பற்றிப் பேசுகின்றனவா, ஒரே கடிகாரத்தின்படி பேசுகின்றனவா, ஒன்றின் பார்வை எங்கே முடிந்து மற்றொன்றின் பார்வை எங்கே தொடங்குகிறது என்பது கணக்கில் வந்திருக்கிறதா என்பவைதான் அந்த உறவுகள். கம்பம் நடுவதற்கு முன்பே முடிவு செய்யப்பட வேண்டியவை இவை. பின்னால் மென்பொருளை மாற்றிச் சரிசெய்யலாம் என்று விட்டுவைத்தால், பெரும்பாலும் சரிசெய்ய முடிவதில்லை.

இந்தச் சிந்தனை புதியதன்று. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமையான டார்ப்பா 1997-இல் மூன்றாண்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. காணொளிக் கண்காணிப்பும் மேற்பார்வையும் என்று பொருள்படும் பெயரின் சுருக்கமாக அதை விசாம் என்று அழைத்தார்கள். பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் சார்னாஃப் நிறுவனமும் சேர்ந்து அதை நடத்தின. ராபர்ட் காலின்ஸ், ஆலன் லிப்டன், தாகியோ கனாடே ஆகியோர் அதில் முன்னின்று உழைத்தவர்கள். பரந்த நிலப்பரப்பில் நடப்பதையெல்லாம் ஒரே ஒரு பணியாளர் மேற்பார்வையிட முடிய வேண்டும் என்பதே திட்டத்தின் இலக்கு. அதற்காக அவர்கள் எடுத்த அடிப்படை முடிவு, இன்று படித்தாலும் வியப்பளிக்கிறது. பணியாளரிடம் காணொளிகளைக் கொண்டுபோய்க் குவிக்காமல், வளாகத்தின் முப்பரிமாண வரைபடம் ஒன்றின் மீது, நகர்ந்துகொண்டிருக்கும் மனிதர்களையும் வாகனங்களையும் குறிகளாகக் காட்டினார்கள்.

அந்த அமைப்பு இயங்கிய முறையைச் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது, ஏனெனில் பின்னால் வந்த பல அமைப்புகளின் எலும்புக்கூடு அங்கேயே இருக்கிறது. ஒவ்வொரு கேமராவோடும் ஒரு கணினி இணைந்திருக்கும். அது பின்னணியிலிருந்து நகரும் உருவத்தைப் பிரித்தெடுத்து, அது தனிமனிதரா, கூட்டமா, வாகனமா என்று வகைப்படுத்தும். பிறகு உருவத்தின் அடிப்பகுதி, அதாவது கால் தரையைத் தொடும் இடம், படத்தில் எங்கே இருக்கிறது என்று பார்த்து, கேமராவிலிருந்து அந்தப் புள்ளி வழியாக ஒரு கற்பனைக் கோட்டை நீட்டும். அந்தக் கோடு நிலப்பரப்பு வரைபடத்தை வெட்டும் இடமே அந்த ஆள் நிற்கும் இடம். வகை, இடம், நேரம், வேகம் என்ற இந்தச் சிறு குறிப்பு மட்டும் வலையமைப்பு வழியாக மையக் கணினிக்குச் செல்லும். ஒருவர் ஒரு கேமராவின் பார்வையை விட்டு நீங்கும்போது, அவர் போகும் இடம் வரைபடத்தில் தெரியும் என்பதால், பக்கத்திலுள்ள திரும்பும் கேமராவை அந்தப் பக்கம் திருப்ப மையக் கணினியால் முடியும். படங்களை இணைக்கும் சிக்கலை, நிலத்தின் மீது இடங்களை இணைக்கும் எளிய கணக்காக மாற்றியதே அந்தக் குழுவின் பெரிய பங்களிப்பு என்பது என் கருத்து.

இன்றைய வடிவமைப்பாளர் தொடங்க வேண்டிய இடம், அமைப்பு எந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டும் என்பது. ஓர் ஆள் வந்தாரா என்று அறிவது ஒரு கேள்வி. வந்தவர் நமக்குத் தெரிந்தவரா என்று அறிவது வேறொரு கேள்வி. இதுவரை பார்த்திராத ஒருவரை ஐயத்துக்கு இடமின்றி அடையாளம் காண்பது முற்றிலும் வேறு கேள்வி. இந்த வேறுபாட்டை எண்களாலேயே சொல்லிவிட முடியும். காணொளிக் கண்காணிப்புக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐஇசி 62676-4, 2014-இல் வெளியானபோது, காட்சியில் ஒரு மீட்டர் அகலத்துக்கு எத்தனை பிக்சல், அதாவது படத்தின் மிகச்சிறு புள்ளி, கிடைக்க வேண்டும் என்று வகுத்தது: ஆள் இருப்பதைக் கண்டறிய 25, தோற்றத்தைக் கவனிக்க 62.5, தெரிந்தவரை இனங்காண 125, தெரியாதவரை அடையாளம் காண 250.

இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு, கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 1920 பிக்சல் அகலக் கேமரா ஒன்றைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மீட்டருக்கு 250 பிக்சல் வேண்டுமானால், அது பார்க்கும் அகலம் 7.68 மீட்டரைத் தாண்டக் கூடாது. அதில் 2.8 மில்லிமீட்டர் லென்ஸும் ஒளியைப் படமாக மாற்றும் சுமார் 5.6 மில்லிமீட்டர் அகல உணரியும் இருந்தால், பார்வைக் கோணம் ஏறத்தாழ 90 பாகை. அதாவது, எவ்வளவு தூரமோ அதன் இரு மடங்கு அகலம் காட்சிக்குள் வரும். எனவே அடையாளம் காணும் எல்லை நான்கு மீட்டருக்கும் குறைவு. இருபது மீட்டர் தள்ளி நிற்பவருக்கு மீட்டருக்கு 48 பிக்சல்தான் கிடைக்கும்: ஆள் இருக்கிறார் என்பது தெரியும், யார் என்பது தெரியாது. அதே கேமராவில் 12 மில்லிமீட்டர் லென்ஸைப் பொருத்தினால் அடையாளம் காணும் எல்லை 16 மீட்டர் வரை நீளும். ஆனால் பார்வை ஒரு குறுகிய பட்டையாகச் சுருங்கிவிடும். வாகன நிறுத்துமிடம் முழுவதையும் ஒரே அகல லென்ஸில் அடக்கிவிட்டு, திருட்டு நடந்த மறுநாள் படத்தைப் பெரிதாக்கி முகத்தைத் தேடுவது ஏன் பயனற்றுப் போகிறது என்பதற்கு இந்தக் கணக்கைத் தவிர வேறு விளக்கம் தேவையில்லை. பதிவாகாத பிக்சலை எந்த மென்பொருளாலும் பின்னால் வரவழைக்க முடியாது.

எத்தனை கேமரா, எங்கெங்கே என்பது அடுத்த கேள்வி. கணிதத்தில் இதற்கு அழகான முன்வரலாறு ஒன்று உண்டு. ஓவியக் கூடம் ஒன்றின் சுவர்கள் எவ்வளவு கோணல்மாணலாக இருந்தாலும் அதை முழுமையாகப் பார்க்க எத்தனை காவலர்கள் போதும் என்ற கேள்வியை விக்டர் கிளீ 1973-இல் எழுப்பினார். n மூலைகள் உள்ள கூடத்துக்கு, n-ஐ மூன்றால் வகுத்து வரும் முழு எண்ணளவு காவலர்கள் எப்போதும் போதும் என்று வாஷேக் ஹ்வாட்டல் 1975-இல் நிறுவினார். ஆனால் அந்தக் காவலர்கள் எல்லாத் திசையிலும் எல்லையற்ற தொலைவுக்குப் பார்ப்பவர்கள். கேமராவுக்குக் கோண எல்லை உண்டு, பிக்சல் எல்லை உண்டு, குறுக்கே வந்து நிற்கும் பேருந்து உண்டு, மாலை நான்கு மணிக்கு மேற்கு வாசல் வழியே நேராக லென்ஸில் விழும் வெயிலும் உண்டு. அந்த நேரத்தில் உள்ளே நுழைபவர்கள் எல்லோரும் முகமற்ற கரிய நிழலுருவங்களாகத்தான் பதிவாவார்கள். எனவே முழுப் பரப்பையும் மூடுவது மட்டும் நோக்கமாக இருக்க முடியாது. எந்த இடத்தில் இரண்டு கேமராக்களின் பார்வை ஒன்றன் மேல் ஒன்று படிய வேண்டும், எந்த இடத்தில் இடைவெளி விட்டாலும் பாதகமில்லை என்று வேண்டுமென்றே தீர்மானிப்பதே வடிவமைப்பு. நுழைவாயில்களிலும் கூட்டம் நெரியும் இடங்களிலும் பார்வைகள் படிய வேண்டும்; கிளை பிரியாத நீண்ட நடைபாதையின் நடுவே இடைவெளி இருந்தால் பெரிய இழப்பில்லை, ஒரு முனையில் நுழைந்தவர் மறுமுனையில்தான் வெளிவந்தாக வேண்டும்.

பார்வைகள் படியும் இடங்களில் கேமராக்களை ஒரே நிலத்துக்குக் கட்டுவது ஒப்பீட்டளவில் எளிது. தரை சமதளமாக இருந்தால், தரையில் தெளிவாகத் தெரியும் நான்கு புள்ளிகளின் உண்மை இடங்களை அளந்து வைத்துக்கொண்டு, படத்தில் அவை விழும் இடங்களோடு பொருத்தினால் போதும். படத்தின் எந்தப் புள்ளியையும் வரைபடத்தின் புள்ளியாக மாற்றும் சூத்திரம் கிடைத்துவிடும். லென்ஸின் வளைவுப் பிழையை முதலில் நீக்கிவிட வேண்டும். சதுரங்கக் கட்டம் அச்சிட்ட பலகையைப் பல கோணங்களில் காட்டி இதைச் செய்யும் முறையை ஜெங்யூ ஜாங் 2000-இல் வெளியிட்டார். இன்றும் பரவலாகப் பயன்படுவது அதுதான்.

எளிது என்றாலும் இதில் ஒரு பொறி இருக்கிறது. கேமரா நான்கு மீட்டர் உயரத்தில், முன்பு சொன்ன 2.8 மில்லிமீட்டர் லென்ஸோடு இருப்பதாகக் கொள்வோம். நாற்பது மீட்டர் தொலைவில் நிற்பவரைக் கேமரா ஏறத்தாழ ஆறு பாகைச் சாய்வில்தான் பார்க்கிறது. அங்கே ஒரே ஒரு பிக்சல் மேலோ கீழோ தவறினால், தரையில் சுமார் நாற்பது சென்டிமீட்டர் பிழை வரும். கால் இருக்கும் இடத்தை மென்பொருள் ஐந்து பிக்சல் தவறாகக் கணித்தால் ஆள் இரண்டு மீட்டர் தள்ளி நிற்பதாகப் பதிவாகும். முழங்கால் வரை ஒரு காருக்குப் பின்னால் மறைந்திருந்தால் பிழை பல மீட்டருக்குப் போய்விடும். கூட்டத்தில் இரண்டு மீட்டர் என்பது வேறொரு ஆள். கேமராவை ஆறு மீட்டர், எட்டு மீட்டர் உயர்த்தினால் இந்தப் பிழை குறையும். ஆனால் முகம் தெரியாமல் தலையுச்சி மட்டும் தெரியத் தொடங்கும். இடத்தைச் சரியாகச் சொல்லும் கேமராவும் முகத்தைச் சரியாகக் காட்டும் கேமராவும் பெரும்பாலும் ஒரே கேமராவாக இருக்க முடியாது. இந்த முரணை ஏற்றுக்கொண்டு உயரத்தில் ஒன்றும் வாயிலில் தாழ்வாக ஒன்றும் வைத்து, இரண்டையும் வரைபடத்தின் வழியே இணைப்பதுதான் நல்ல வழி.

இடத்துக்கு அடுத்தது நேரம். ஏட்டில் இது சிறு விஷயமாகத் தோன்றும். களத்தில் இதைப் போல் தொல்லை தருவது வேறில்லை. கேமராவுக்குள் இருக்கும் மலிவான குவார்ட்ஸ் கடிகாரம் பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினாலும் ஒரு நாளைக்கு 1.7 விநாடி தவறும். ஒரு மாதத்தில் ஐம்பது விநாடியைத் தாண்டிவிடும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் அரை விநாடியில் எட்டு மீட்டர் கடக்கிறது. இரண்டு கேமராக்களின் கடிகாரங்களுக்குள் அரை விநாடி வேறுபாடு இருந்தால், ஒரே கார் சாலையில் எட்டு மீட்டர் இடைவெளியில் இரண்டு கார்களாகத் தோன்றும். சென்னை மாநகரக் காவல்துறை ‘மூன்றாவது கண்’ என்ற பெயரில் கேமரா நிறுவும் இயக்கத்தை முன்னெடுத்தபோது, கடைக்காரர்களும் குடியிருப்போரும் தங்கள் செலவிலேயே ஏராளமான கேமராக்களை மாட்டினார்கள். இப்படித் தனித்தனியாக மாட்டப்படும் கேமராக்களின் பதிவுப் பெட்டிகள் ஒவ்வொன்றும் தன்தன் கடிகாரத்தையே நம்பி ஓடுகின்றன. ஒரு வண்டி போன தடத்தைப் பல கடைகளின் பதிவுகளிலிருந்து கோத்தெடுக்க நினைப்பவர், ஒவ்வொரு பெட்டியும் உண்மை நேரத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை முதலில் குறித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வலையமைப்பில் இணைந்த கேமராக்களை ஒரே நேரச் சர்வரோடு இணைத்துவிட்டால் உள்ளூர் வலையமைப்பில் சில மில்லிவிநாடி துல்லியம் கிடைக்கும். விநாடிக்கு 25 படம் எடுக்கும் கேமராவில் படங்களுக்கிடையே 40 மில்லிவிநாடி இருப்பதால் அது தாராளமாகப் போதும். கவனிக்க வேண்டியது வேறொன்று: நேர முத்திரை படம் பிடிக்கப்பட்ட நொடியில் இடப்பட வேண்டும், சர்வருக்கு வந்துசேர்ந்த நொடியில் இடப்படக் கூடாது. சுருக்குதல், காத்திருத்தல், கேபிள் வழிப் பயணம் எல்லாம் சேர்ந்து கேமராவுக்குக் கேமரா வேறுபட்ட தாமதத்தைச் சேர்க்கும். வலையமைப்பில் நெரிசல் கூடும்போது அந்தத் தாமதமும் மாறிக்கொண்டே இருக்கும்.

இனி, ஒன்றன் பார்வை மற்றொன்றின் பார்வையைத் தொடாத கேமராக்கள். நடைமுறையில் பெரும்பாலான அமைப்புகள் இப்படித்தான் இருக்கின்றன, இத்துறையின் மிக ஆழமான சிக்கலும் இதுவே. நூறு கேமராக்கள் இருந்தால் அவற்றுள் 4,950 இணைகள் உண்டு. ஒரு கேமராவில் மறைந்தவரை மற்ற தொண்ணூற்றொன்பதிலும் தேடினால் தவறான பொருத்தங்கள் குவியும். ஆனால் ஒரு கேமராவிலிருந்து நேரடியாக நடந்து சேரக்கூடிய அண்டை கேமராக்கள் நான்கு என்று வைத்துக்கொண்டால், கணக்கில் எடுக்க வேண்டிய இணைகள் இருநூறுதான். எந்தக் கேமராவுக்கு எது அண்டை, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்துவர எவ்வளவு நேரமாகும் என்ற வரைபடம் கையில் இருந்தால் சிக்கலின் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது.

அந்த வரைபடத்தைக் கையால் வரையலாம். கருவியே தானாகக் கற்றுக்கொள்ளவும் முடியும் என்பதை இங்கிலாந்தின் கிங்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிமிட்ரியோஸ் மாக்ரிஸ், டிம் எல்லிஸ், ஜேம்ஸ் பிளாக் ஆகிய மூவரும் 2004-இல் காட்டினார்கள். யார் யார் என்று அடையாளமே காணாமல் இதைச் செய்தார்கள் என்பதில்தான் அதன் அழகு இருக்கிறது. முதல் கேமராவின் ஒரு வெளியேறும் இடத்தில் ஆட்கள் மறைந்த நேரங்களையும், இரண்டாம் கேமராவின் ஒரு நுழையும் இடத்தில் ஆட்கள் தோன்றிய நேரங்களையும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு மறைவுக்கும் பின் வந்த ஒவ்வொரு தோற்றத்துக்கும் இடையிலான நேர வேறுபாட்டைக் கணக்கிட்டு அடுக்க வேண்டும். இரண்டு இடங்களுக்கும் தொடர்பில்லையென்றால் அந்த வேறுபாடுகள் எல்லா அளவிலும் சமமாகச் சிதறிக் கிடக்கும். இடையில் ஒரு பாதை இருந்தால், அதை நடந்து கடக்க ஆகும் நேரத்தையொட்டி, உதாரணமாக பன்னிரண்டு விநாடியைச் சுற்றி, ஒரு குவியல் எழும். குவியல் எழுந்தால் பாதை உண்டு. குவியலின் மையம் நடைநேரம். அதன் அகலம் மக்களின் நடை வேகத்தில் உள்ள வேறுபாடு. ஒருவரது முகத்தையோ உடையையோ பார்க்காமல், போதிய காலம் எண்ணிக்கொண்டிருப்பதால் மட்டுமே கட்டடத்தின் பாதையமைப்பு கருவிக்குத் தெரிந்துவிடுகிறது.

பாதையும் நேரமும் தேடலைச் சுருக்கிய பிறகு எஞ்சும் சிலருக்குள் யார் என்பதைத் தோற்றம் தீர்மானிக்க வேண்டும். ஒரே சட்டை வெயிலில் ஒரு நிறமாகவும் குழல்விளக்கின் கீழ் வேறு நிறமாகவும் தெரியும். கேமராவுக்குக் கேமரா நிறச் சமநிலையும் மாறும். மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் முபாரக் ஷா, உமர் ஜாவேத் ஆகியோரின் குழு, இரண்டு கேமராக்களுக்கிடையே பொலிவு எப்படி மாறுகிறது என்பதைப் பயிற்சிப் படங்களிலிருந்து கற்று, ஒப்பிடும் முன் அந்த மாற்றத்தைச் சரிசெய்யும் முறையை 2005-இல் முன்வைத்தது. பின்னர், ஏராளமான படங்களிலிருந்து தானாகவே கற்கும் ஆழ்கற்றல் முறை வந்து இந்த வேலையைப் பெரும்பாலும் எடுத்துக்கொண்டது. இத்தகைய நிரல்களைச் சோதிக்க 2007-இல் கலிஃபோர்னியாவின் சான்டா குரூஸில் தொகுக்கப்பட்ட வைப்பர் என்ற படத்தொகுப்பில் இரண்டு கேமராக்களில் பதிவான 632 பேர் இருந்தார்கள். 2015-இல் சிங்குவா பல்கலைக்கழகத்திலிருந்து வந்த மார்க்கெட்-1501 தொகுப்பில் ஆறு கேமராக்களில் 1,501 பேர். அந்தத் தொகுப்புகளில் இன்றைய நிரல்கள் மிக உயர்ந்த மதிப்பெண் பெறுகின்றன. ஆனால் அவை பெரிதும் நம்பியிருப்பது உடையை. ஒரே சீருடையில் பள்ளி விட்டு வெளிவரும் நானூறு மாணவர்களையும், கார்த்திகை மாதத்தில் கறுப்பு வேட்டியோடு ரயில் நிலையத்தை நிறைக்கும் ஐயப்ப பக்தர்களையும் அந்த மதிப்பெண்கள் கணக்கில் கொள்ளவில்லை. அத்தகைய இடங்களில் பாதையும் நேரமும்தான் கைகொடுக்கும். தோற்றம் துணைச் சான்று மட்டுமே.

இத்தனை கணக்கையும் எங்கே செய்வது என்பது வலையமைப்பைப் பற்றிய கேள்வி. ஒரு 1920-க்கு 1080 பிக்சல் கேமரா விநாடிக்கு 25 படம் எடுத்தால், சுருக்காத காட்சி விநாடிக்கு 1.24 ஜிகாபிட். 2003-இல் வெளியான எச்.264 முறையில் சுருக்கினால் அது சுமார் 4 மெகாபிட்டாகக் குறையும். அப்போதும் ஒரு கேமராவுக்கு நாளொன்றுக்கு 43 ஜிகாபைட், நூறு கேமராக்களுக்கு முப்பது நாளில் ஏறத்தாழ 130 டெராபைட் சேமிப்பு வேண்டும். மாறாக, கேமராவே உருவங்களைப் பிரித்தெடுத்து, காட்சியில் பத்துப் பேர் இருக்கும்போது விநாடிக்கு ஐந்து முறை ஆளுக்கு நூறு பைட் குறிப்பாக அனுப்பினால், விநாடிக்கு 40 கிலோபிட் போதும். காணொளியில் நூறில் ஒரு பங்கு. விசாம் குழுவினர் அன்று எடுத்த முடிவு இந்தக் கணக்கில் இன்றும் செல்லுபடியாகிறது. முழுக் காணொளி கேமராவுக்கு அருகிலேயே பதிவாகி, தேவைப்படும்போது மட்டும் மையத்துக்கு வரலாம்.

எல்லாவற்றையும் கேமராவிலேயே செய்துவிட வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. கேமராவுக்குள் இருக்கும் சில்லு ஐந்தாண்டு கழித்துப் பழையதாகிவிடும். சர்வரை மாற்றலாம், கம்பத்தின் மேலுள்ள நூறு கேமராக்களை மாற்றுவது வேறு வேலை. உருவத்தைக் கண்டறிவது கேமராவில், கேமராக்களுக்கு இடையே கோப்பது கட்டடத்துக்கு ஒன்றாக உள்ள சர்வரில், நீண்டகாலத் தேடல் மையத்தில் என்று மூன்று நிலையாகப் பிரிப்பது பெரும்பாலான வளாகங்களுக்குப் பொருந்தும். கேபிள்களை இணைக்கும் வலையமைப்புச் சுவிட்சிலிருந்து கேமராவுக்கு நூறு மீட்டருக்கு மேல் ஈதர்நெட் கேபிள் போகாது என்பதும், அதே கேபிளில் மின்சாரம் தரும் 2003-ஆம் ஆண்டுத் தரநிலை 15.4 வாட் வரைதான் தரும் என்பதும், மோட்டாரும் அகச்சிவப்பு விளக்கும் உள்ள திரும்பும் கேமராவுக்கு அது போதாது என்பதும் வரைபடத்தில் முதல் நாளே வந்துவிட வேண்டியவை. வெவ்வேறு நிறுவனங்களின் கேமராக்கள் ஒரே மென்பொருளோடு பேசுவதற்கு ஆக்சிஸ், பாஷ், சோனி ஆகியவை 2008-இல் தொடங்கிய ஆன்விஃப் தரநிலை உதவுகிறது. ஒப்பந்தத்தில் அதைக் கட்டாயமாக்காவிட்டால் ஒரே நிறுவனத்திடம் நெடுங்காலம் கட்டுண்டு கிடக்க நேரும்.

அமைப்பு எச்சரிக்கை எழுப்பத் தொடங்கும்போது வேறொரு கணக்கு முன்னுக்கு வருகிறது. ஒரு கேமரா நாளைக்கு ஒரே ஒரு தவறான எச்சரிக்கை தந்தால் அது நல்ல கேமரா என்றே தோன்றும். நூறு கேமராக்கள் இருந்தால் பதினான்கு நிமிடத்துக்கு ஒரு பொய்யெச்சரிக்கை. சில வாரங்களில் பணியாளர் எதையும் பார்க்காமலே அழித்துவிடப் பழகிவிடுவார். அதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது. தேடப்படுபவர்கள் கூட்டத்தில் மிகக் குறைவு என்பதால் முக அடையாளத்தில் இது இன்னும் கடுமையாகிறது. 2017 ஜூனில் வேல்ஸின் கார்டிஃப் நகரில் சாம்பியன்ஸ் லீக் கால்பந்து இறுதிப் போட்டி நடந்தபோது, தெற்கு வேல்ஸ் காவல்துறையின் முக அடையாளக் கருவி 2,470 பொருத்தங்களைச் சுட்டியது. அவற்றுள் 2,297 தவறானவை. தனித்தனிக் கேமராவின் எச்சரிக்கையை அப்படியே பணியாளருக்குத் தள்ளாமல், அண்டைக் கேமராவும் சரியான நேரத்தில் அதையே சொல்கிறதா என்று பார்த்த பிறகே தள்ளுவது பல கேமரா அமைப்புக்கு மட்டும் கிடைக்கும் வசதி. அதைப் பயன்படுத்தாத அமைப்பில் கேமரா கூடக்கூடச் சுமைதான் கூடும்.

வலையமைப்பில் இணைந்த கேமரா என்பது லென்ஸ் பொருத்திய கணினி. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் 2016-இல் மிராய் என்ற தீநிரல் கைப்பற்றியது. அறுபதுக்கும் மேற்பட்ட வழக்கமான பயனர்பெயர், கடவுச்சொல் இணைகளை ஒவ்வொன்றாக முயன்று பார்ப்பதே அதன் தந்திரம். அப்படிக் கைப்பற்றிய கருவிகளைக் கொண்டு அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று, இணையதளப் பெயர்களுக்கு உரிய முகவரியைச் சொல்லும் டைன் நிறுவனத்தின் பெயர்ச் சேவைக் கணினிகள் தாக்கப்பட்டு, அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பலருக்குத் திறக்காமல் போயின. கேமராக்களுக்கென்று தனி வலையமைப்புப் பிரிவு, இணையத்துக்கு நேரடி வழி இல்லாமை, ஒவ்வொரு கருவிக்கும் தனிக் கடவுச்சொல், மென்பொருளைப் புதுப்பிக்கப் பொறுப்பான ஆள் ஆகியவை இல்லாத அமைப்பை நான் முடிந்த அமைப்பாகக் கருத மாட்டேன்.

கேமராக்களை இணைப்பதால் இன்னொன்றும் மாறுகிறது, அதை வடிவமைப்பாளர்கள் வழக்கறிஞர்களிடம் விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ள முடியாது. தனிக் கேமரா ஒரு கணத்தைப் பதிவு செய்கிறது. இணைந்த கேமராக்கள் ஒருவரின் நாளையே பதிவு செய்கின்றன. எந்த வாசலில் நுழைந்தார், யாரோடு நின்று பேசினார், எந்த மருத்துவரின் அறைக்குப் போனார் என்பதெல்லாம் தேடக்கூடிய வரிகளாகிவிடுகின்றன. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக வளாகத்தில் எட்டு கேமராக்களால் எடுக்கப்பட்டு 2016-இல் ஆய்வுக்காக வெளியிடப்பட்ட படத்தொகுப்பில் 2,700-க்கும் மேற்பட்டவர்களின் நடமாட்டம் இருந்தது. அது எங்கெங்கோ பயன்படுவது தெரியவந்து எதிர்ப்பு எழுந்ததும் 2019-இல் திரும்பப் பெறப்பட்டது. தெற்கு வேல்ஸ் காவல்துறையின் முக அடையாளப் பயன்பாடு சட்டத்துக்குப் புறம்பானது என்று 2020 ஆகஸ்டில் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது சொன்ன காரணங்களுள் ஒன்று, யாரைத் தேடுவது, கருவியை எங்கே நிறுத்துவது என்பதைத் தனிப்பட்ட காவலரின் விருப்பத்துக்கு அதிகமாக விட்டுவிட்டார்கள் என்பது. இது வடிவமைப்பின் குறையும்தான். நடமாட்டக் குறிப்புகள் எத்தனை நாளில் தாமாக அழிய வேண்டும், கேமராக்களைக் கடந்து ஒருவரைத் தேட எத்தனை பேரின் ஒப்புதல் வேண்டும், எதிர்வீட்டு ஜன்னல் காட்சியில் எப்படி மறைக்கப்பட வேண்டும், யார் எப்போது தேடினார் என்ற பதிவேட்டை யார் பார்ப்பார் என்பவற்றை நிரலிலேயே எழுதி வைக்க முடியும். ஆள் கணக்கெடுப்பும் நெரிசல் எச்சரிக்கையும் மட்டுமே தேவைப்படும் ரயில் நிலையத்துக்கு, தோற்ற அடையாளத்தைச் சேமிக்கவே தேவையில்லை. சேமிக்காததை யாராலும் திருடவோ தவறாகப் பயன்படுத்தவோ இயலாது.

கடைசியாகப் பராமரிப்பு. நிறுவிய அன்று மிகத் துல்லியமாக இருந்த அமைப்பு ஆறு மாதத்தில் மெல்லப் பிசகுகிறது. லாரி உரசிக் கம்பம் ஒரு பாகை திரும்பினாலும், முன்பு கண்ட கணக்கின்படி, தொலைவில் உள்ள ஆட்களின் இடமெல்லாம் வரைபடத்தில் நகர்ந்துவிடும். இரவில் அகச்சிவப்பு விளக்கைச் சுற்றிப் பூச்சிகள் வரும், பூச்சிகளைத் தேடிச் சிலந்தி வரும். லென்ஸுக்கு முன் கட்டிய வலையின் ஓர் இழை காற்றில் ஆடினால், அது விளக்கொளியில் பளிச்சென்று மின்னி, ஆள் நுழைந்ததாக இரவு முழுக்க எச்சரிக்கை எழுப்பும். மழைநாளில் ஈரச் சாலையில் முகப்பு விளக்கின் பிரதிபலிப்பு தனி வாகனமாகப் பதிவாகும். எனவே அமைப்பைப் பொறுப்பேற்கும் முன் நடத்தும் ஏற்புச் சோதனையைப் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை நடத்தி முடித்துவிடக் கூடாது. ஒருவரை வளாகத்தின் குறிப்பிட்ட பாதையில் நடக்கவிட்டு, அவர் எந்தக் கேமராவில் எந்த நொடியில் தெரிய வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைத்து, கருவி சொல்வதோடு ஒப்பிட வேண்டும். அதையே நடு இரவிலும், மழையிலும், கூட்டம் நிறைந்த மாலையிலும் செய்ய வேண்டும்; பிறகு காலாண்டுக்கு ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டும். இந்த நடைச் சோதனைக்கான செலவும் ஆளும் ஒப்பந்தத்தில் தனி வரியாக இடம்பெற வேண்டும்.